லினக்ஸ் முகப்பில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது: தமிழில் வேலை செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினியைக் கழித்துக்கட்ட மனமில்லாமல், விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமான லினக்ஸைக் குறித்து, "லினக்ஸ் போட்டுத் தாருங்கள்" என்று கேட்பவர்கள் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கூடியிருக்கிறார்கள். போட்டுக் கொடுத்த சில நாள்களில் இரண்டு விதமான கேள்விகள் வருகின்றன. "கண்ணாடி போலப் பளபளக்கும் பட்டை, வட்ட வட்ட ஐகான்கள், இதையெல்லாம் எப்படி வரவைப்பது?" என்று கேட்கிறார்கள் இளையவர்கள். "தமிழ் எழுத்து ஏன் இவ்வளவு பொடியாக இருக்கிறது?" என்று கேட்கிறார்கள் கணக்கு எழுதுபவர்களும் விண்ணப்பம் நிரப்புபவர்களும்.

முதல் கேள்விக்குக் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. இரண்டாவது கேள்விக்குத் தமிழில் பொறுமையாகப் பதில் சொல்பவர்கள் குறைவு. இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

பட்டை, மெனு, சாளரங்கள் என்று திரையில் நாம் காண்பதெல்லாம் சேர்ந்ததே முகப்பு. லினக்ஸ் முகப்பின் இயல்பு அமைப்பை, அதாவது நிறுவியதும் தானாக வரும் அமைப்பை, உருவாக்கியவர்கள் கவனமானவர்கள். திரையின் அடியில் நிற்கும் பட்டையின் உயரம், எழுத்தின் அளவு, நிறங்களின் வேறுபாடு என ஒவ்வொன்றையும் யோசித்தே வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கண்முன் இருந்தது பெரும்பாலும் ஆங்கில எழுத்து. ஆங்கிலம் 10 புள்ளி அளவில் தெளிவாகத் தெரியும். அதே அளவில் தமிழின் சுழிகளும் மெய்யெழுத்துப் புள்ளிகளும் கரைந்துபோகின்றன. ஆகவே தமிழில் வேலை செய்பவர் சிலவற்றைக் கட்டாயம் மாற்ற வேண்டும். மற்ற பெரும்பாலானவற்றை இயல்பாகவே விடுவது நல்லது. எது எந்தப் பக்கம் சேரும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. விளக்கத்துக்கு அவற்றில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் முகப்பை எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு அது எளிதில் பழகிவிடும். 2024 ஜூலையில் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவும் இருக்கிறது. உபுண்டு என்ற இன்னொரு வகையில் வரும் க்னோம், மற்ற முகப்புகளான கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ ஆகியவற்றில் வழி மாறும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன். பட்டியல்களில் பெயர்கள் ஆங்கிலத்தில் தெரியும் என்பதால் அவற்றை ஒலிப்படியே எழுதியிருக்கிறேன்.

படி 1: இந்தக் கணினி யாருக்கானது?

மாற்றுவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். மீதி முடிவுகள் பெரும்பாலும் இதிலிருந்தே வரும்.

இ-சேவை மையத்திலோ, ஐஸ் கம்பெனியிலோ, மீன் கொள்முதல் கணக்கு எழுதும் கடையிலோ இருக்கும் கணினியைப் பலர் கையாளுவார்கள். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், திருவிழா நாளில் அவர்களின் உறவினர் ஒருவர். அங்கே மெனு எங்கே இருக்கும், சாளரத்தை மூடும் பொத்தான் எந்த மூலையில் இருக்கும் என்பது யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே தெரிய வேண்டும். எழுத்தளவைத் தவிர எதையும் மாற்றாதீர்கள் என்று அங்கே உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாவது வகை, வீட்டில் பெற்றோர் பயன்படுத்தும் கணினி. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் மகனோ மகளோ வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் வீடுகள் ஏராளம். கணினியில் சிக்கல் வந்தால் உதவி தொலைபேசி வழியாகத்தான் வரும். "கீழே இடது மூலையில் இருப்பதை அழுத்துங்கள் அத்தா" என்று அங்கிருந்து சொன்னால், இங்கே கீழே இடது மூலையில் அது இருக்க வேண்டும். பட்டையை மேலே ஏற்றி, மெனுவை நடுவில் வைத்து, ஐகான்களை மாற்றிவிட்டால் அந்த உதவி அறுந்துவிடும். இயல்பு அமைப்பின் மிகப் பெரிய நன்மை இதுதான்: ஒரே படம் இருவர் மனதிலும் இருக்கிறது.

மூன்றாவது, உங்கள் சொந்தக் கணினி. விரும்பியபடி அலங்கரியுங்கள், அதில் தவறே இல்லை. தினமும் பார்க்கும் திரை நமக்குப் பிடித்தமாக இருக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. அடுத்த படியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

படி 2: திரும்பி வர ஒரு வழி

மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற நிரல் உடன் வருகிறது. கணினியின் நிலையைப் படமெடுத்து வைத்து, ஏதேனும் கெட்டுப்போனால் பழைய நிலைக்குக் கொண்டுவரும். இதை இயக்கிவைப்பது அவசியம். ஆனால் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. இயல்பாக டைம்ஷிஃப்ட் பயனரின் ஹோம் கோப்புறையைச் சேமிப்பதில்லை. நீங்கள் மாற்றும் தோற்ற அமைப்புகள் பெரும்பாலும் அந்த ஹோம் கோப்புறைக்குள்தான் இருக்கின்றன. ஆகவே தோற்றத்தைக் குலைத்துவிட்டால் டைம்ஷிஃப்ட் உங்களைக் காப்பாற்றாது.

அதற்கு எளிய வழி, இன்னொரு பயனர் கணக்கு. சிஸ்டம் செட்டிங்ஸில் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் பகுதிக்குப் போய் 'சோதனை' என்ற பொருளில் ஏதேனும் பெயரிட்டு ஒரு கணக்கு தொடங்குங்கள். புதிய தீம் (தோற்றத் தொகுப்பு), புதிய நீட்சி (முகப்புக்கு வசதி கூட்டும் சிறு நிரல்) எதுவானாலும் முதலில் அங்கே போட்டுப் பாருங்கள். சில நாள் பழகி, பிடித்திருந்தால் மட்டும் உங்கள் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். வேலைக் கணக்கில் எதுவும் தடுமாறாது. பிடிக்காவிட்டால் சோதனைக் கணக்கை அழித்துவிட்டால் போதும்.

மாற்றத் தொடங்கும் முன் எழுத்து, தீம், பட்டை ஆகிய அமைப்புப் பக்கங்களைக் கைப்பேசியில் ஒவ்வொரு படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டளை வரி பழகியவர்கள் டிகான்ஃப் நிரலின் டம்ப் கட்டளையால் சின்னமன், க்னோம் அமைப்புகள் முழுவதையும் ஒரே எழுத்துக் கோப்பாகச் சேமித்து, லோட் கட்டளையால் திரும்ப ஏற்றலாம்.

படகுக் கணக்கு பார்க்கும் கணினி என்றால் எந்தக் காலத்தில் மாற்றுகிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், டீசல் கணக்கும் கொள்முதல் கணக்கும் ஓய்ந்திருக்கும். பெரிய பதிப்பு மாற்றங்களையும் தோற்ற மாற்றங்களையும் அப்போது செய்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

படி 3: தமிழ் எழுத்தைச் சரிசெய்வது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

சேது, சேசு, செய்யது என்று தொடங்கும் பெயர்கள் நிறைந்த கடற்கரை இது. 'செ' என்பதற்கும் 'சே' என்பதற்கும் இடையில் திரையில் இருப்பது ஒரே ஒரு சிறு சுழி. 1366×768 அளவுள்ள மடிக்கணினித் திரையில், 10 புள்ளி எழுத்தில், அந்தச் சுழி சில பிக்சல்களுக்குள் அடங்கிவிடுகிறது. சான்றிதழ் விண்ணப்பத்தில் அது தவறிப்போனால், ஒரு மாணவர் பெயர்த் திருத்தத்துக்காக மாதக்கணக்கில் அலைய நேரிடும். எழுத்தளவை அலங்காரக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வராததற்குக் காரணம் இதுதான்.

முதலில் கணினி தமிழை எப்படிக் காட்டுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். மின்ட்டின் இயல்பு எழுத்துருவின் பெயரும் உபுண்டுதான்; அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை. க்னோம் நெடுங்காலம் பயன்படுத்திய கான்டரெல்லிலும் இல்லை. 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48 முதல் அந்த இடத்துக்கு வந்த அட்வைட்டா சான்ஸிலும் இல்லை. தமிழ் எழுத்து வரும்போது ஃபான்ட்கான்ஃபிக் என்ற அடுக்கு, கணினியில் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவை இரவலாக எடுத்துப் போடுகிறது. அதனால் எழுத்துருப் பட்டியலில் எந்த ஆங்கில எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் அப்படியே நிற்கும். "மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம்.

சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து நோட்டோ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். 'ஃபான்ட்ஸ் நோட்டோ கோர்', 'ஃபான்ட்ஸ் நோட்டோ யுஐ கோர்' ஆகிய இரண்டு தொகுப்புகளையும் நிறுவுங்கள். முதலாவதில் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் ஆகிய எழுத்துருக்கள் இருக்கின்றன. இரண்டாவதில் நோட்டோ சான்ஸ் தமிழ் யுஐ இருக்கிறது. பொத்தான், பட்டை போன்ற உயரம் குறைந்த இடங்களில் மேலும் கீழும் வெட்டுப்படாமல் இருப்பதற்காகவே இந்த வகை எழுத்துருவை வடிவமைத்திருக்கிறார்கள். 'கூ', 'பூ', 'ளூ' போன்ற எழுத்துகளின் வால் அறுந்து தெரிகிறதா? அப்படியானால் உங்களுக்குத் தேவை இதுதான்.

பிறகு சிஸ்டம் செட்டிங்ஸில் ஃபான்ட் செலக்‌ஷன் பக்கத்துக்குப் போங்கள். டிஃபால்ட் ஃபான்ட் என்ற இடத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் யுஐ-ஐத் தேர்ந்தெடுத்து அளவை 11 ஆக்குங்கள். டாக்குமென்ட் ஃபான்ட், விண்டோ டைட்டில் ஃபான்ட் ஆகியவற்றுக்கும் அப்படியே. மோனோஸ்பேஸ் ஃபான்டை மட்டும் தொடாதீர்கள். கட்டளைகள் எழுதும் டெர்மினலில் எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் நிற்க வேண்டும், தமிழ் எழுத்துருவை அங்கே திணித்தால் கட்டங்கள் குலையும். அதே பக்கத்தில், எழுத்தின் கோடுகளைப் பிக்சல்களோடு பொருத்தும் ஹின்டிங் என்பதை ஸ்லைட் என்று வையுங்கள். ஃபுல் என்று வைத்தால் வளைவுகள் கோணிப்போகக்கூடும்.

இப்போது ஓர் எழுத்துத் திருத்தியைத் திறந்து இந்த வரியைத் தட்டச்சு செய்து பாருங்கள்:

செய்யது, சேது, கீழக்கரை, தொண்டி, ஏர்வாடி, பூண்டு, கூனி, மண்டபம், ஸ்ரீ, ஔவை, பனை, பணை, ஒலி, ஓலி

மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் பிரிந்து தெரிகின்றனவா? ஒ-வுக்கும் ஓ-வுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? மெய்யெழுத்துப் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் நிற்கிறதா? நாற்காலியில் நிமிர்ந்து சாய்ந்தபடி இதைப் படிக்க முடிய வேண்டும். முன்னால் குனிய நேர்ந்தால் அளவு போதவில்லை என்று பொருள்.

போதாவிட்டால் அதே பக்கத்தில் டெக்ஸ்ட் ஸ்கேலிங் ஃபேக்டர் என்று இருப்பதை 1.1, பிறகு 1.2 என்று ஏற்றுங்கள். திரையின் ரெசல்யூஷனைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. எல்சிடி திரை தன் இயல்பான ரெசல்யூஷனில்தான் கூர்மையாக இருக்கும். குறைத்தால் எல்லாம் பெரிதாகும், எல்லாம் மங்கும். டிஸ்ப்ளே பக்கத்தில் 125 சதவீதம் என்று வைக்கும் பின்ன அளவீடும் பழைய கணினிக்குப் பாரம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினிகளை இன்னும் பயன்படுத்துபவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். டெக்ஸ்ட் ஸ்கேலிங் எழுத்தை மட்டும் வளர்க்கிறது. கணினிக்குச் சுமை ஏறுவதில்லை.

மற்ற முகப்புகளில்: உபுண்டுவில் அக்சஸிபிலிட்டி பகுதியின் சீயிங் பக்கத்தில் லார்ஜ் டெக்ஸ்ட் பொத்தான் இருக்கிறது; எழுத்துருவையே மாற்ற க்னோம் ட்வீக்ஸ் வேண்டும். பிளாஸ்மாவில் ஃபான்ட்ஸ் பக்கத்தில் அட்ஜஸ்ட் ஆல் ஃபான்ட்ஸ் என்று ஒரே அடியில் முடித்துவிடலாம். எக்ஸ்எஃப்சிஇ-யில் அப்பியரன்ஸ் பகுதியின் ஃபான்ட்ஸ் தாவலில் டிபிஐ மதிப்பை 96-இலிருந்து 108 அல்லது 110-க்கு ஏற்றுங்கள்.

இதோடு முடியவில்லை. இணையப் பக்கங்களின் எழுத்து இந்த அமைப்புக்குக் கட்டுப்படாது. ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸைத் திறந்து, ஃபான்ட்ஸ் பகுதியில் அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்துங்கள். மேலே ஃபான்ட்ஸ் ஃபார் என்ற பட்டியலில் தமிழ் தனியாகவே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து நோட்டோ சான்ஸ் தமிழை வைத்து, மினிமம் ஃபான்ட் சைஸ் என்பதை 14 அல்லது 15 ஆக்குங்கள். அரசுத் தளங்களின் பொடி எழுத்துப் படிவங்களில் நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்கு இந்த ஓர் அமைப்பு பெரிய ஆறுதல். சில தளங்களில் கட்டங்கள் சற்று நகரும், அது பரவாயில்லை.

லிப்ரே ஆஃபிஸ் இன்னொரு தனி உலகம். அது தமிழைக் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற பிரிவில் வைக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியே லாங்குவேஜஸ் பகுதிக்குப் போய் அந்தப் பிரிவை இயக்கி, இயல்பு மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ரைட்டர் பகுதியில் பேசிக் ஃபான்ட்ஸ் சிடிஎல் என்ற பக்கம் வரும். தமிழின் எழுத்துருவும் அளவும் அங்கே தனியாக இருக்கின்றன. ஆங்கிலப் பக்கத்தில் அளவை மாற்றிவிட்டுத் தமிழ் ஏன் மாறவில்லை என்று தவிக்க வேண்டியதில்லை.

படி 4: வெளிச்சமா, இருளா?

இருள் தீம் இப்போது பரவலாகிவிட்டது. 2022 மார்ச்சில் வந்த க்னோம் 42 அதை முகப்பு முழுவதுக்கும் ஒரே பொத்தானாக்கியது. கண்ணுக்கு நல்லது, மின்சாரம் மிச்சம் என்றெல்லாம் சொல்லி எல்லோருக்கும் பரிந்துரைக்கிறார்கள். இந்தக் கடற்கரையில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம்.

மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை எந்தப் பக்கம் ஜன்னலைத் திறந்தாலும் வெளிச்சம் கொட்டும். வெண்மணலும் கடலும் சேர்ந்து கூசவைக்கும். அந்த அறையில் கறுப்புத் திரை கண்ணாடிபோல் ஆகிவிடும். எழுத்துக்குப் பதிலாக உங்கள் முகமும் பின்னாலுள்ள கதவும் தெரியும். பகலில் வேலை செய்யும் கடைக்கும் மையத்துக்கும் வெளிர் தீமே பொருத்தம். இரவில் வேலை செய்பவர்களுக்கு இருள் தீம் இதமாக இருக்கும். மின்சாரம் மிச்சமாவது ஓஎல்இடி திரையில்தான்; சாதாரண எல்சிடி திரையில் பின்னொளி எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால் நிறம் எதுவானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பேட்டரி நீடிக்க வேண்டுமானால் பிரகாசத்தைக் குறையுங்கள்.

தீமில் கைவைக்கும் முன் இரண்டு வேலைகள் செய்யுங்கள். திரையை ஜன்னலுக்கு எதிரேயோ முதுகு காட்டியோ வைக்காமல் பக்கவாட்டில் திருப்புங்கள். பிறகு, கணினியை அணைத்துவிட்டு, தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மென்மையான துணியால் திரையைத் துடையுங்கள். உப்புக் காற்று திரையில் படலமாகப் படிந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு பிரகாசத்தை ஏற்றுவது வீண்.

இரவில் திரையை மஞ்சள் சாயலுக்கு மாற்றும் நைட் லைட் வசதி மின்ட் 22.1 முதல் சின்னமனிலேயே இருக்கிறது. க்னோமிலும் பிளாஸ்மாவிலும் உண்டு. ஸ்டூடியோ வைத்துப் புகைப்படத்தில் நிறம் திருத்துபவர்கள் அதை அணைத்தே வையுங்கள்.

படி 5: சிறு மாற்றங்கள், பெரிய பயன்

மவுஸ் அம்பைப் பெரிதாக்குவது வயதானவர்களுக்குச் செய்யும் நல்ல உதவி. சின்னமனில் மவுஸ் அண்ட் டச்பேட் பக்கத்தில் அளவு இருக்கிறது, க்னோமில் அக்சஸிபிலிட்டியில். பட்டையின் உயரத்தை இயல்பிலிருந்து சற்று ஏற்றலாம். குறைக்க வேண்டாம், தமிழ்த் தலைப்புகள் வெட்டுப்படும். பழைய கணினி என்றால் எஃபெக்ட்ஸ் பக்கத்தில் அசைவுகளை நிறுத்திவிடுங்கள், உடனே வேகம் தெரியும்.

பட்டையையே மறைத்துவிடும் எளிமை அலங்காரம் இப்போது பலருக்குப் பிடித்திருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் ஆங்கிலமும் மாற்றி மாற்றித் தட்டச்சு செய்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். எந்த மொழி இப்போது செயலில் இருக்கிறது என்று காட்டும் குறி அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. அது கண்ணில் படாவிட்டால் கடவுச்சொல்லைத் தமிழில் அடித்துவிட்டு, கணக்கு பூட்டிக்கொண்டதே என்று நிற்க நேரிடும்.

பின்னணிப் படத்தை மனம்போல் மாற்றுங்கள். இதைவிடத் தீங்கில்லாத அலங்காரம் கிடையாது. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நீங்களே எடுத்த படமோ, பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலமோ இருக்கட்டுமே. கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்து எடுங்கள். கைப்பேசிப் படம் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் இருக்கும். 16:9 திரையில் ஜூம் என்று வைத்தால் மேலும் கீழும் வெட்டுப்படும். அதனால் படமெடுக்கும்போதே வானத்தையும் மணலையும் சற்றுத் தாராளமாக விடுங்கள். அலைநுரை நிறைந்த இடத்தில் கோப்புப் பெயர்கள் தெரியாது. ஐகான்கள் அடுக்கியிருக்கும் இடது பக்கம் ஒரே நிறமாக, வானமோ ஆழ்கடலோ வரும்படி படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

படி 6: தீம்கள், நீட்சிகள்: இங்கேதான் நிதானம் வேண்டும்

இணையத்திலிருந்து இறக்கும் அலங்காரங்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பின்னணிப் படம், ஐகான் தொகுப்பு, எழுத்துரு, நிறத் தொகுப்பு ஆகியவை வெறும் தரவுகள். கெட்டால் அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். நீட்சிகள், ஆப்லெட்கள் (பட்டையில் வைக்கும் சிறு நிரல்கள்), பிளாஸ்மாவின் விட்ஜெட்கள், குளோபல் தீம்கள் (முழுத் தோற்றத்தையும் ஒரே அடியில் மாற்றுபவை) ஆகியவை உங்கள் அனுமதியுடன் ஓடும் நிரல்கள். அவை உங்கள் கோப்புகளைத் தொட முடியும். 2024 மார்ச்சில் கேடிஇ-யின் தளத்திலிருந்து ஒருவர் நிறுவிய குளோபல் தீம் அவருடைய தனிப்பட்ட கோப்புகளையே அழித்துவிட்டது. வெளியார் உருவாக்கும் தீம்கள் நிரல்களை ஓட்டக்கூடியவை என்று அதன் பிறகு கேடிஇ திட்டத்தினரே எச்சரித்தார்கள். தீம் என்ற பெயரைப் பார்த்து வெறும் வண்ணம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குவழக்கு இருக்கும் கணினியில் இந்த இரண்டாம் வகை வேண்டவே வேண்டாம்.

அடுத்தது நீடித்து உழைக்குமா என்ற கேள்வி. க்னோம் ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொரு நீட்சியும் எந்தெந்தப் பதிப்போடு ஒத்துப்போகும் என்று தன்னுள் எழுதிவைத்திருக்கும். புதிய பதிப்பு வந்ததும், நீட்சியை எழுதியவர் அதைத் திருத்தும் வரை அது நின்றுவிடும். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45-இல் நீட்சிகள் எழுதும் முறையே மாறியதால், பழைய நீட்சிகள் அனைத்தையும் திருத்த வேண்டியிருந்தது. பத்து நீட்சிகளைச் சேர்த்துக் கட்டிய முகப்பு, பத்து முன்பின் அறியாதவர்களின் ஓய்வு நேரத்தை நம்பி நிற்கிறது. க்னோமில் நீட்சி வேண்டுமானால் ஒன்றோ இரண்டோ போதும். உண்மையாகவே வேலைக்கு உதவுவதாக இருக்கட்டும். சின்னமனில் நிலைமை மேல். அதன் ஆப்லெட்களும் நீட்சிகளும் ஒரே இடத்தில் தொகுத்து வைக்கப்படுகின்றன, சிஸ்டம் செட்டிங்ஸிலிருந்தே இறக்கலாம்.

சாளரத் தீம்களில் வேறொரு சிக்கல். க்னோமின் புதிய செயலிகள் லிப்அட்வைட்டா என்ற நூலகத்தில் கட்டப்பட்டவை. வெளித் தீம்களை அவை பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. செயலிகளைத் தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் ஃபிளாட்பேக் வழியாக நிறுவிய செயலிகளுக்கு உங்கள் ஹோம் கோப்புறையில் இருக்கும் தீம் கண்ணிலேயே படாது. விளைவு, ஒரு சாளரம் நீலம், ஒன்று சாம்பல், ஒன்று வட்ட முனை, ஒன்று சதுர முனை. 2019-இல் க்னோம் செயலி உருவாக்குநர்கள் சிலர், எங்கள் செயலிகளுக்குத் தீம் போட்டு விநியோகிக்காதீர்கள் என்று பகிரங்கமாகவே கடிதம் எழுதினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு: தீம் உடைத்ததற்கான பழி செயலியை எழுதியவர் தலையில் விழுகிறது. பயனருக்கும் தன் திரை மீது உரிமை உண்டு என்பதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நடைமுறையில் நல்ல வழி, உங்கள் முகப்போடு வந்த தீம்களுக்குள்ளேயே நிறத்தை மாற்றிக்கொள்வது. மின்ட்டின் மின்ட்-ஒய் தீமிலேயே பல நிறங்கள் உண்டு. உபுண்டுவில் 22.04 முதலும், க்னோமில் 2024 செப்டம்பரில் வந்த 47 முதலும், பொத்தான்களை எடுத்துக்காட்டும் அழுத்த நிறத்தை (ஆக்சென்ட் கலர்) தேர்ந்தெடுக்கலாம். பச்சையோ நீலமோ பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பிலும் அது உடையாது.

வெளித் தீம் போட்டுத்தான் தீருவேன் என்றால் சோதனைக் கணக்கில் போட்டு, மேலே தந்த தமிழ் வரியைக் கோப்புப் பெயராக வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்காக உயரத்தை இறுக்கிப் பிடித்த தீம்களில் 'கூ'-வின் வால் முதலில் வெட்டுப்படும். வெட்டுப்பட்டால் அந்தத் தீம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு ஆகாது.

படி 7: கலைந்துவிட்டால்

சின்னமன் உறைந்து நின்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். முகப்பு மட்டும் மறுபடி தொடங்கும், திறந்த கோப்புகள் அப்படியே இருக்கும். தோற்றம் முழுவதும் குழம்பிவிட்டால் பட்டையில் வலது சொடுக்கு செய்து ட்ரபிள்ஷூட் பட்டியலில் எல்லா அமைப்புகளையும் இயல்புக்குத் திருப்பும் வழி இருக்கிறது. பட்டை பழைய இடத்துக்கு வந்துவிடும். எழுத்துருப் பக்கத்தை மட்டும் கைப்பேசிப் படத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உபுண்டுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் செயலியில் எல்லா நீட்சிகளையும் ஒரே பொத்தானில் அணைக்கலாம். ஏதாவது கோளாறு என்றால் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும். பிளாஸ்மா இந்த விஷயத்தில் மிகவும் மெச்சத்தக்கது. சிஸ்டம் செட்டிங்ஸில் ஹைலைட் சேஞ்ச்டு செட்டிங்ஸ் என்ற பொத்தானை அழுத்தினால், இயல்பிலிருந்து நீங்கள் மாற்றிய இடங்கள் மட்டும் குறியிட்டுக் காட்டப்படும். ஒவ்வொரு பக்கத்திலும் டிஃபால்ட்ஸ் பொத்தானும் உண்டு. இன்னொருவர் அலங்கரித்து வைத்த கணினி உங்கள் கைக்கு வந்தால் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

படி 8: இயல்பையே திருத்தச் சொல்வது

இயல்பு அமைப்பில் தமிழ் வெட்டுப்பட்டால் உங்கள் கணினியில் மட்டும் சரிசெய்துவிட்டு விட்டுவிடாதீர்கள். க்னோம், கேடிஇ, மின்ட் மூன்றும் திறந்த மூலத் திட்டங்கள்; பிழையை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். சோதனைக் கணக்கில், எந்தத் தீமும் நீட்சியும் இல்லாமல், அதே பிழை வருகிறதா என்று முதலில் பாருங்கள். இயல்புத் தீமில் வருகிறதா என்பதுதான் உருவாக்குநர்கள் கேட்கும் முதல் கேள்வி. பிறகு திரையைப் படமெடுத்து (ஸ்கிரீன்ஷாட்), எந்தச் சொல்லில் எந்த எழுத்து வெட்டுப்படுகிறது, முகப்பின் பதிப்பு எண் என்ன, எழுத்துருவும் அளவும் என்ன என்று நான்கு வரி எழுதுங்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே சரியாகத் தெரியும் எழுத்தின் படத்தையும் பக்கத்தில் வைத்து, குறையும் பகுதியை வட்டமிட்டுக் காட்டுங்கள். சொல்லைப் படமாக மட்டும் தராமல் எழுத்தாகவும் ஒட்டுங்கள். அப்போதுதான் அவர்கள் அதைத் தங்கள் கணினியில் போட்டுச் சோதிக்க முடியும்.